கனவுநிலையும் கனவறிவும்

உயிர் உடம்பொடு கூடி நின்று அறியும் நிலைகள் நனவு, கனவு, உறக்கம், பேருறக்கம், உயிர்ப்படக்கம் என ஐந்தாம். இவற்றைச் சாக்கிரம், சொப்பனம், சுழுத்தி, துரியம், துரியாதீதம் என்று வடநூலார் வழங்குப. இவ்வைந்தனுள் நனவினை யாவரும் அறிவர். உறக்கத்தினை உறங்குங்கால் அறிந்தவர் இலர். உறங்கினோம் என்னும் அளவே எழுந்தபின் அறிவர். கனவோ இவ்விரண்டற்கும் இடைப்பட்டதாய்க் காணுங்கால் மெய்போலத் தோன்றி, விழித்தபின் பொய்போல ஒழிகின்றது. இதுபற்றியே கனவினைக் குறித்து இருவேறு வழக்குக்கள் தொன்றுதொட்டு நிகழ்வனவாயின. கனவிற் கண்ட பொருளை ஒரு குறியாகக் கொண்டு வருவதுரைத்தல் ஒன்று. கனவு காண்பான் யாவன் என வினவி அவன் இயல்பினைத் துணிதல் மற்றொன்று. முன்னையது நிமித்திகர்பாலும் கிரியை நூல்களிலும் பயின்றது. பின்னையது மெய்கண்டதேவர் நூலில் உயிருண்மைக்கு ஏதுவாய் நின்றது.

கனவு முற்றும் பொய்யென ஒதுக்கப்படுமாயின், அதனாற் சைவர்க்கு நேரும் இழுக்குச் சிறிதன்று. திருத்தொண்டர் புராணத்துள் இறைவன் அடியார்க்குக் கனவின்கண் எழுந்தருளி ஆணை தந்த வரலாறுகள் பல. அவையெல்லாம் மனமயக்கமாய் முடியும். உலகம் கனவுபோற் பொய் என்னும் மாயாவாதியின் உவமையும் அவ்வழி வலிபெறும். ஆதலின் இக்கனவு வழக்கின் வரலாறு அடைவே நோக்கற்பாலதாகின்றது.

குறிகொண்டு பயன் கூறும் வழக்குத் தமிழகத்துப் பழமையானது. சிலப்பதிகாரத்துள் ஒரு காதை கனாத்திறம் உரைத்த காதை என்றே பெயர் பெற்றது. அடைக்கலக் காதையுள் கோவலன் தான் நள்ளிரவிற் கண்ட கனவினை மாடலனுக்கு உரைக்கின்றான். உடுத்த கூறை பிறராற் கொள்ளப்பட்டுக் கோட்டுமாவின்மீது தான் ஊர்ந்து சென்றதாக அவன் கண்டான். கண்டவனே அதன் பயனையும் துணிந்து, தீங்கு விரைவில் வந்துறும் என்கின்றான். கனவுக்குறிகளின் பொருள் அக்காலத்துக் கற்றார்க்கேயன்றி வணிகர்க்கும் தெரிந்திருந்தமை இதனாற் பெறப்படும். பொன்னவன் இயற்றியதாக வழங்கும் கனாநூல் இத்துறையில் எழுந்த தமிழ்ச் சிறுநூல். வடமொழியில் அக்கினி புராணம் கனவு பலிக்குங் காலத்தையும் வரையறுக்கின்றது: இரவின் முதல் யாமத்துக் கண்டது 1 ஆண்டிலும், இரண்டாம் யாமத்தது 6 திங்களிலும், மூன்றாவது 3 திங்களிலும், நான்காவது அரைத் திங்களிலும், அருணோதயத்திற் கண்டது 10 நாளிலும் பயன்றரும் என்ப. இக்கணக்கிற்கு ஏது யாதென அந்நூல் கூறிற்றில்லை. வழக்கு எனக் கொண்டு மேற்செல்வதே தக்கது.

சைவக் கிரியை நூல்களும் இக்குறி வழக்கினைத் தழுவின. ஆனால் தழுவிய முறை வேறு. தீக்கைக்கு முன்னாள் இரவில் நிகழும் அதிவாசத்தில் மாணாக்கன் மந்திரக் காப்புப் பெற்றுத் துயில்வான். வீடுபேறு விழைந்தானுக்குத் திருநீற்றுப் படுக்கையும், போகம் விழைந்தானுக்குத் தருப்பைப் படுக்கையும் விதிக்கப்பட்டன. வைகறையில் எழுந்தவன் தான் கண்ட கனவினை ஆசிரியனுக்கு அறிவித்தல் வேண்டும். நற்கனவாயின் ஏற்பர், தீக்கனவாயின் மந்திரங்கொண்டு வேள்வி செய்து அத்தீங்கினைப் போக்குவர். 11ஆம் நூற்றாண்டிற் சோமசம்பு சிவாசாரியாரும், 12ஆம் நூற்றாண்டில் அகோரசிவாசாரியாரும் எழுதிய பத்ததிகள் இம்முறைக்குச் சான்றாம். கோவலன் கண்ட தீக்கனவோ மாற்ற முடியாத ஊழின் முன்னறிவிப்பு. அதிவாசத்திற் கண்ட தீக்கனவு அப்படிப்பட்டதன்று. மாணாக்கன்பால் எஞ்சி நிற்கும் குற்றத்தை ஆசிரியனுக்குக் காட்டிக் கழுவாய்க்கு இடந்தருவது. மருத்துவன் நாடி பார்த்தல் போல்வதோர் செயலே அஃதென்க. நோயறிந்தவழி மருந்தும் உண்டு.

இனித் திருத்தொண்டர் புராணத்துட் புகுவோமாயின் குறியும் பயனும் முற்றிலும் மறைகின்றன. திருவதிகையில் திலகவதியார் தம்பியார் பொருட்டு வேண்டி நிற்க, இறைவன் கனவில் தோன்றி, அவரைச் சூலைநோய் தந்து ஆட்கொள்வோம் என வெளிப்படையாகவே அருளுகின்றான். ஆலம்பொழிலில் தங்கிய நம்பியாரூரரை மழபாடிக்கு வர மறந்தனையோ என்று கேட்கின்றான். குண்டையூர்க் கிழார்க்கு நெல் தந்தமை கூறுகின்றான். இவற்றுள் யானையில்லை, பாம்பில்லை, வெள்ளாடையில்லை, விரித்துப் பொருள் கூறுதற்குரிய அடையாளம் ஒன்றேனும் இல்லை. சொல் உண்டு, அச்சொல் நேர்ப்பொருட்டாய் உண்டு. கனாநூல் வல்லார்க்கு இங்கே தொழிலில்லை.

அற்றேல், இக்கனவுகளை உண்மையென்று துணிதற்கு அளவை யாது? சேக்கிழார் கதையமைப்பினை ஊன்றி நோக்குவார்க்கு அவ்வளவை புலனாகும். பெரும்பாலும் ஒருவர் கண்ட கனவுக்கு மற்றொருவர் சான்றாகின்றார். ஆளுடைய பிள்ளையார்க்கு முத்துச்சிவிகையும் குடையும் சின்னமும் அளிக்குமாறு நெல்வாயில் அரத்துறை அந்தணர்க்குக் கனவில் ஆணை பிறந்தது. அவற்றை ஏற்றுக்கொள்க எனப் பிள்ளையார்க்கும் கனவிலேயே அருள் கிடைத்தது. இருசாராரும் காலையிற் கூடியபோது ஒன்று மற்றொன்றனை மெய்ப்பித்தது. திருநாளைப்போவாரை எரியில் மூழ்கி வருக என்று பணித்த பெருமான், அவ்வெரியை அமைக்குமாறு தில்லைவாழந்தணரையும் அவ்வாறே பணித்தான். திருநீலகண்ட யாழ்ப்பாணரை உள்ளே அழைத்துச் செல்லுமாறு ஆலவாயில் தொண்டர் பலர்க்கும் கனவில் ஏவல் நிகழ்ந்தது.

கனவாவது உள்ளத்து மறைந்த வேட்கை நிறைவேறும் நாடகமே என்பது வியன்னா நகரத்து மருத்துவர் பிராய்டு என்பார் கொள்கை. 1899ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்து 1900 என ஆண்டிடப்பெற்ற கனவு விளக்க நூலில் அவர் அதனை நாட்டினார். திருநாளைப்போவார் கனவுக்கு அவ்விளக்கம் ஒருவாறு பொருந்துவதுபோலத் தோன்றும். தில்லையை அடைய அவர் கொண்ட வேட்கை பெரிதாகலின். அதே இரவு அந்தணர் கண்ட கனவுக்கு அது பொருந்துமாறு எங்ஙனம்? புலையர் குலத்தாரை உள்ளே கொள்ளுதல் அவர்தம் வழக்கிற்கு மாறு. வேட்கைக்கு மாறான கனவுகளுக்கும் பிராய்டு விடை வகுத்துள்ளார். அவையும் வேறொரு வேட்கையின் நிறைவே என்பர். இயைந்தாலும் வேட்கை, முரணினாலும் வேட்கை என்னும் கோள் தன்னை எதனாலும் மறுக்க இடந்தாராமையின், நிறுவப்பட்டதாகவும் கொள்ளற்பாலதன்று.

இவ்வகையிற் பூசலார் நாயனார் வரலாறு தனித்து ஆராயத் தக்கது. காடவர்கோமான் காஞ்சியிற் கற்றளி எடுத்து அதனுட் பெருமானைத் தாபிக்க நாள் குறித்தான். அந்நாளைக்கு முன்னாள் இரவு இறைவன் அவன் கனவில் தோன்றி, நின்றவூர்ப் பூசல் நெடுநாள் நினைந்து செய்த ஆலயத்துள் நாளை நாம் புகுவோம், நீ நின் செயலைப் பின்னர்க் கொள்க என்றருளினான். அரசன் வேட்கை தன் கோயில் குடமுழுக்கு; கனவு அதனைத் தடுத்தது. அவன் விழித்தெழுந்து தன் அமைச்சர்பால் உசாவியிருந்து விடவில்லை. திருநின்றவூர்க்கே சென்று, பூசல் எடுத்த கோயில் யாண்டையது என வினவினான். அவ்வூரார் அப்படியொரு கோயில் இல்லையென்றனர். கனவு பொய்த்தது என்று மீளுதற்கு இது போதும். மீளாது பூசலாரையே கண்டு கேட்டபோதுதான், கல்லின்றி மரமின்றி மனத்தகத்தே எடுத்த கோயிலுக்கு அவரும் அதே நாளைக் குறித்திருந்தமை வெளிப்பட்டது. அரசனும் அந்தணனும் ஒருவரையொருவர் அறியார், நாளோ ஒன்று.

அக்காடவர்கோன் கயிலாசநாதர் கோயிலை எடுத்த இராசசிம்மப் பல்லவனே என்பது ஆராய்ச்சியாளர் பலர்க்கு உடம்பாடு. அவன் காலம் ஏறக்குறைய கி. பி. 700 முதல் 728 வரை. அக்கோயில் விமானத்தைச் சூழ்ந்து பொறிக்கப்பட்ட வடமொழிக் கல்வெட்டினை ஹூல்ட்ஷ் என்பார் 1890ஆம் ஆண்டில் தென்னிந்தியக் கல்வெட்டுக்கள் முதற்றொகுதியிற் பதிப்பித்தனர். முன்னை யுகத்தில் துஷ்யந்தன் முதலிய மன்னர் வான்மொழி கேட்டனர். அவ்வொலியினைக் கலியுகத்தில் இம்மன்னன் கேட்டது வியப்பே என்னும் கருத்தமைந்த சுலோகம் அதனுள் ஒன்று. மன்னனுக்குத் தெய்வவாக்கு ஒன்று கிடைத்தது என்பது அவன் காலத்திலேயே கல்லில் ஏறிய செய்தியாயிற்று. ஆயின் கல்வெட்டு வான்மொழி என்கின்றது. புராணம் கனவு என்கின்றது.

இவ்வேறுபாட்டிற்குச் சேக்கிழாரின் மயக்கம் காரணம் எனல் சாலாது. அவர் இவ்விரண்டனையும் வேறுபிரித்து அறிந்தவரே. யாழ்ப்பாணரை உள்ளே கொணர்க என்பது தொண்டர்க்குக் கனவில் வந்த ஏவல். யாழ் தரையிற் படாதபடி பலகை இடுக என்பது வானில் எழுந்த ஓசை என்று ஒரே வரலாற்றில் இருவகையாகவும் அவர் கூறுதல் காண்க. பூசலார் வரலாற்றில் அவர் கனவென்றே கூறியதற்கு, 12ஆம் நூற்றாண்டில் அவர்க்குக் கிடைத்த மரபு அவ்வாறிருந்ததே காரணமாகலாம். அன்றியும், வான்மொழி புறத்தே எழுந்து அருகிருந்தார் யாவர் செவிக்கும் எட்டுவது. கனவோ கண்டவன் ஒருவனுக்கே உரியது. மனத்துள் ஒருவன் எடுத்த கோயிலை மற்றொருவன் மனத்துள் அறிவித்தல் அவ்வரலாற்றின் இயல்பிற்கு இயைந்ததாகும்.

இதுகாறும் கூறியது கனவிற் கேட்ட சொல்லின் உண்மை. கனவில் நின்று கேட்டவன் எவன் என்னும் வினாவினை மெய்கண்டதேவர் 13ஆம் நூற்றாண்டில் எடுத்துக்கொண்டனர். சிவஞானபோதம் மூன்றாஞ் சூத்திரம் ஏழு அதிகரணங்களால் உயிருண்மையை நிறுவுவது. அவற்றுள் நான்காவது, சூக்கும உடம்பே உயிர் என்பானை மறுப்பது. பருவுடம்பு மூச்சு மாத்திரையாய்க் கிடக்கின்றது. ஐம்பொறிகளும் தொழிலற்றுக் கிடக்கின்றன. அவ்வுடம்பினுள்ளேயே அடங்கி, வேறோர் உடம்பு கொண்டு திரிந்து விளையாடி, மீண்டு இப்பருவுடம்பினைத் தலைக்கூடுவது ஒன்றுண்டு. இருவேறு உடம்புகளையும் மாறிமாறிக் கொள்வது அவ்விரண்டனுள் ஒன்றாதல் எங்ஙனம் என்பது தேவர் வினா. சட்டையை மாற்றுபவன் சட்டையாகான் என்பதுபோல.

இவ்வாறே ஒரு வாதம் கடல்கடந்த நாட்டில் அவர்க்கு எட்டு நூற்றாண்டுகட்கு முன் எழுதப்பட்டிருத்தல் அறிந்து மகிழத் தக்கது. வட ஆப்பிரிக்காவிலிருந்த அகுஸ்தீன் என்னும் கிறித்தவ ஆசிரியர் 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எவோதியு என்பார்க்கு வரைந்த கடிதத்தில், கார்த்தேசு நகரில் வாழ்ந்த கென்னாதியு என்னும் மருத்துவர் கண்ட கனவினைக் கூறுகின்றார். இறந்தபின் வாழ்வுண்டோ என ஐயுற்ற அம்மருத்துவர் கனவில் ஓர் இளைஞன் தோன்றி அவரை ஒரு நகரத்திற்கு அழைத்துச் சென்றான். மறுநாளிரவும் அவன் வந்து, என்னை எங்குக் கண்டனை என்று வினவினான். கனவில் என்றார். இப்பொழுது காண்பதும் கனவே. நின் உடம்பு யாண்டுள்ளது என்றான். படுக்கையில் என்றார். அவ்வுடம்பின் கண்கள் மூடிக் கிடப்பதை அறிவையோ என்றான். அறிவேன் என்றார். அங்ஙனமாயின் என்னை எக்கண்ணாற் காண்கின்றனை என்றான். மருத்துவர்க்கு விடை தோன்றவில்லை. மெய்கண்டார் உலகிற் பொதுவாய் நிகழ்வதனைக்கொண்டு நிறுவியதனை அகுஸ்தீன் ஒரு மனிதன் கனவினைக்கொண்டு விளக்கினார். ஒருவரையொருவர் கேட்டறியாத இருவர் இவ்வாறு ஒரே வினாவினை அடைந்தது, வினாவின் வலியன்றி வேறென்னை?

கென்னாதியு கனவின்கண் ஒரு தனிச் சிறப்புண்டு. தாம் காண்பது கனவு என்பதனைக் கனவிலிருந்தபடியே அவர் அறிந்தார், கனவு கலையவில்லை. சித்தாந்தக் கருவிக் கணக்கினால் இதற்கு வழி எளிதிற் புலப்படும். நனவிற் புருவநடுவில் நின்று தொழிற்படும் கருவிகள் 35. அறிபொறி ஐந்தும் தொழிற்பொறி ஐந்தும் அங்கே ஒழிய, கனவிற் கழுத்திடத்து நிற்பன 25. சத்தாதி ஐந்து, வசனாதி ஐந்து, வாயு பத்து, அந்தக்கரணம் நான்கு, புருடன் ஒன்று என்பன அவை. உறக்கத்தில் இதயத்து நிற்பன பிராணன், சித்தம், புருடன் என்னும் 3 மாத்திரமே. நிச்சயிக்கும் கருவியாகிய புத்தி கனவில் ஒழிந்ததில்லை, உறக்கத்திலேதான் ஒழிந்தது. புத்தி உளதாகவே, இது கனவு என்னும் நிச்சயமும் அங்கே பிறத்தற்குத் தடையில்லை. பெரும்பான்மையும் பிறவாமைக்குக் காரணம், ஐம்பொறி வழி வரும் அறிவு இன்மையின் ஒப்பிட்டு நோக்க மற்றொன்று இல்லாமையே.

இனி மாயாவாதியின் உவமைக்கு வருதும். கௌடபாதர் நனவுப் பொருளும் கனவுப் பொருளோடு ஒப்பப் பொய்யே என்றனர். சங்கரர் பிரம சூத்திர பாடியத்தின் இரண்டாம் அத்தியாயத்தில், பௌத்தரை மறுக்குங்கால், நனவு கனவு போன்றதன்று என வேறுபடுத்தினர் என்பதும், மூன்றாம் அத்தியாயத்தில் கனவு மாயை மாத்திரமே எனினும் வருவது அறிவிக்கும் குறியாதல் கூடும் என்றனர் என்பதும் மறைக்கற்பாலன அல்ல. ஆயினும் கயிற்றரவுபோலக் கனவும் அறிவு பிறந்தவுடன் ஒழிவது என்பது அவ்வாதத்தார் பயில வழங்கும் உரை. கயிறென அறிந்தவன் பின் பாம்பினைக் காணான். கனவென்று கனவில் அறிந்தவனோ அக்கனவினைத் தொடர்ந்து காண்கின்றான். எனவே அறியாமையொன்றே கனவுக்கு முதலன்று. தொழிற்படும் கருவிகள் அதற்கு முதல். கருவி மாறும்போதே அது மாறும்.

கானல் நீர் அறிந்தபின்னும் தோன்றுமாகலின் கனவும் அன்னதே என மாயாவாதி விடுப்பானாயின், அஃதொக்கும். வெயிலும் வெம்மணலும் உள்ளனவாதலின் கானல் தோன்றுகின்றது, அவை பொய்யல்ல. உள்பொருளாகிய முதலினின்றும் தோன்றியதனை இல்பொருள் என்னாது, வேறொன்றாகத் திரித்து உணரப்பட்டது என்க. சித்தாந்திக்கு வேண்டுவதும் அவ்வளவே.

கனவிற் கனவறிதல் உண்டென்பது இக்காலத்துப் பரிசோதனையாலும் நாட்டப்பட்டது. ஒல்லாந்து நாட்டு மருத்துவர் பான் ஈடன் என்பார் 1913ஆம் ஆண்டில் இதற்கு ஆங்கிலத்தில் தெளிகனவு என்னும் பொருள்படும் பெயரிட்டனர். இல்லாததைக் கூறுகின்றனர் என்று பலர் நகைத்தனர். 1953ஆம் ஆண்டில் உறக்கத்திடையே விழிகள் விரைந்து அசையும் காலம் உண்டெனவும், அக்காலத்து எழுப்பப்பட்டோர் கனவுரைக்கின்றனர் எனவும் சிக்காகோவில் அறியப்பட்டது. அப்பொழுது கைகால்கள் அசைவிழந்து கிடப்பினும் விழிகள் அசையும். இதனைக்கொண்டு 1975ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக் கழகத்தில் ஹேர்ன் என்பார், கனவினை அறிந்தவுடன் விழிகளை முன்னரே பேசிவைத்த முறையில் இடமும் வலமும் அசைக்குமாறு ஒருவரை அமைத்தனர். அவர் உறங்கியபடியே அவ்வாறு அசைத்தமை கருவியிற் பதிந்தது. லபேர்ஜ் என்பார் ஸ்டான்போர்டு பல்கலைக் கழகத்தில் தனித்து நிகழ்த்திய இத்தகைய ஆய்வு 1981ஆம் ஆண்டில் வெளிவந்தது. இவற்றால் உயிருண்மை நிறுவப்பட்டது எனக் கூறுவார் உளராயின் அது மிகை. பொறிகள் அடங்கிக் கிடக்கவும் கனவென நிச்சயிக்கும் அறிவு ஆண்டு உளது என்பதளவே பெறப்படும்; அவ்வறிவு எதனுடையது என்பது அளவை நூலாற் காணற்பாலது.

கனவில் அறிவோடு நிற்றலை ஒரு சாதனையாகக் கொண்ட சைவரும் உளர். காச்மீரத்து வசுகுப்தர் கனவில் இறைவன் தோன்றி, மகாதேவ மலையின் பாறையொன்றிற் சிவசூத்திரங்கள் மறைந்திருத்தலை அறிவித்தான் என்று 11ஆம் நூற்றாண்டினராகிய க்ஷேமராசர் எழுதினர். அம்மரபிற்குரிய ஸ்பந்த காரிகையும் விஞ்ஞான பைரவமும் யோகி தான் விரும்பியதனைக் கனவிற் காணும் ஆற்றலைப் பேசுகின்றன. கனவு அவனுக்கு வயமாகும் என்பது கருத்து. அம்மரபு ஏகான்ம வாதத்தைச் சார்ந்ததாகலின் அவ்வாறு கூறுதல் அதற்கு இயல்பே. திருநாவுக்கரசர் வரலாற்றிற் காணப்படுவது இதற்கு நேர்மாறானதோர் நெறி.

திருமறைக்காட்டில் அவர் பதிகம் பாடத் திருக்கதவம் திறந்தது. ஞானசம்பந்தப் பிள்ளையார் பாட அது விரைந்து அடைத்தது. தமக்குத் திறத்தல் அரிதாகவும் அவர்க்கு அடைத்தல் எளிதாகவும் ஆயினமையின், பெருமான் திருவுள்ளம் அறியாது அயர்ந்தேனோ என அரசர் அஞ்சித் திருமடத்தின் ஒருபுறம் கிடந்தார். அங்கே அவர் உணர்வு நீங்காத துயிலினைக் கொண்டார் என்பது சேக்கிழார் கூற்று. இது 500 ஆண்டு கழித்து எழுதிய புலவரின் கற்பனை எனத் தள்ளுதற்கில்லை. அரசர் தாமே வாய்மூர்ப் பதிகத்தில், மறைக்காட்டுப் பெருமானை இடையறாது எண்ணிய வண்ணமே துயின்றமையும், அத்துயிலின்கண் அவன் வந்து வாய்மூர்க்கு அழைத்துச் சென்றமையும் பாடியருளினர். துயிலினும் எண்ணம் அறாமை கண்டவர் வாயாலேயே கூறப்பட்டது.

அவர் அக்கனவினைத் தம் வயமாக்க முயலவில்லை. வந்தவனைப் பொருள் வினவித் தடுக்கவுமில்லை. எழுந்தார், தொடர்ந்தார். எழுந்த பின்னும் பெருமான் முன்னே செல்லக் கண்டார். எத்துணை விரைந்தும் அணுக முடியவில்லை. செய்தி அறிந்த பிள்ளையாரும் பின்தொடர்ந்தார். வாய்மூரில் இறைவன் முதலிற் பிள்ளையார்க்கே காட்சி தந்தான்; பிள்ளையார் காட்ட அரசர் கண்டார். நெல்வாயில் அரத்துறையிற் போலவே ஈண்டும் இருவர். துயிலிற் கண்ட வடிவம் எழுந்தவர் விழிமுன்னும் சென்றதாகலின், கனவு இவ்விடத்து முடிந்தது, நனவு இவ்விடத்துத் தொடங்கியது எனப் புராணம் எல்லை வகுத்திலது. அரசரும் அதனை வரையறுத்துக் கூறாது, வா என்று சொல்லிப் போயினானே, இஃது என்னையோ என்று அப்பதிகத்துள் மீண்டும் மீண்டும் வியந்து வினவுகின்றார்.